கேமரா ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் முன்: பிறர் கருத்தை எடைபோடுவது எப்படி?

புதிய ஃபர்ம்வேர் வெளியான அன்றே இரண்டு குரல்கள் எழும். "ஃபோகஸ் பிரமாதம்" என்பார் ஒருவர். "கேமராவே கெட்டுவிட்டது" என்பார் மற்றொருவர். இருவர் கையிலும் ஒரே மாடல்தான். முதன்முறை புதுப்பிக்கப் போகிறவர் இதில் யாரை நம்புவது?

ஃபர்ம்வேர் என்பது கேமராவுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள். ஃபோகஸ், மெனு, படத்தைச் சேமிப்பது எல்லாமே அதன் பொறுப்பு. அதை மாற்றினால் பழைய கேமராவுக்கும் புதிய திறன் வரலாம். 2011இல் வந்த ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 மாடலின் ஃபோகஸை, 2013இல் வெளியான 2.00 பதிப்பு மேம்படுத்தியது. அடுத்த மாடலான எக்ஸ்100எஸ் அதற்குள் விற்பனைக்கு வந்திருந்தது. ஆனாலும் பழையதைக் கைவிடவில்லை. நிக்கான் இசட்6, இசட்7 கேமராக்களுக்குக் கண்ணைக் கண்டறியும் ஃபோகஸ் 2019 மே மாதம் ஃபர்ம்வேர் வழியாகவே கிடைத்தது. ஆகவே புதுப்பிப்பு என்றாலே அஞ்ச வேண்டியதில்லை.

முதலில் உங்களிடம் இருக்கும் பதிப்பைப் பாருங்கள். பெரும்பாலும் அமைப்பு மெனுவிலேயே அந்த எண் இருக்கும். மாடலின் முழுப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரின் கடைசியில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு கேமரா.

இரண்டாவதாக, நிறுவனம் தரும் மாற்றக் குறிப்பைப் படியுங்கள். நீங்கள் பயன்படுத்தும் எதையும் அது தொடவில்லையென்றால் அவசரமே இல்லை. முக்கியமான நிகழ்ச்சியைப் படமெடுக்கப் போவதற்கு முந்தைய நாள் புதுப்பிக்கவே வேண்டாம். ஒரு வாரம் பொறுத்தால் மற்றவர்களின் அனுபவம் தெரிந்துவிடும்.

அந்த அனுபவங்களைப் படிப்பதில்தான் கவனம் தேவை. "மோசம்" என்ற ஒற்றைச் சொல்லால் உங்களுக்குப் பயனில்லை. எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறினார், எந்த லென்ஸ், எந்த ஃபோகஸ் முறை என்று சொல்கிறவரின் குறைக்குக் காது கொடுங்கள். ஒரே குறையை வெவ்வேறு லென்ஸ் வைத்திருக்கும் பலர் சொன்னால் காத்திருங்கள். வேறு நிறுவனத்தின் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சிக்கல் என்றால், உங்கள் பையில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். "பேட்டரி சீக்கிரம் தீர்கிறது" என்ற புகாரையும் அடிக்கடி காணலாம். புதுப்பித்த பின் சில அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பி, அணைத்து வைத்திருந்த புளூடூத் மீண்டும் இயங்குவதும் அதற்குக் காரணமாகலாம். பாராட்டையும் இதே தராசில் நிறுத்துப் பாருங்கள். புதியது என்ற மகிழ்ச்சியில் எல்லாமே வேகமாகத் தோன்றும்.

மூன்றாவது படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள், எனக்கோ இதுதான் மிக முக்கியமானது. புதுப்பிக்கும் முன்பே சோதனைப் படங்கள் எடுத்து வையுங்கள். ஒரே அறை, ஒரே விளக்கு, ஒரே லென்ஸ், முக்காலியில் கேமரா. மங்கிய ஒளியில் இருபது படங்கள், நடந்து வருகிற ஒருவரை இருபது படங்கள். பிறகு ஒப்பிட இவை இல்லாவிட்டால் உங்கள் கருத்தும் வெறும் ஊகமே.

இனி நிறுவலாம். கார்டில் உள்ள படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். உங்கள் அமைப்புகளைச் சேமியுங்கள். அந்த வசதி இல்லையென்றால் மெனுப் பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்தாலே போதும். கோப்பை நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். சுருக்கப்பட்டிருந்தால் விரித்து, கார்டில் எந்தக் கோப்புறைக்குள்ளும் போடாமல் நேராக வையுங்கள். கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். ஒருமுறை அதே கோப்பை நான் இரண்டாம் தடவை இறக்கியபோது உலாவி பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துவிட்டது. கேமரா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முழுதாக மின்னேற்றிய பேட்டரியைப் போட்டு, மெனுவில் புதுப்பிப்பைத் தொடங்குங்கள். முடிந்தது என்று திரையில் வரும்வரை கேமராவை அணைக்கவோ கார்டுக் கதவைத் திறக்கவோ கூடாது. இடையில் மின்சாரம் நின்றால் கேமரா இயங்காமலே போகக்கூடும். கேபிள் வழியாகவோ செயலி வழியாகவோ புதுப்பிக்கும் மாடல்களும் உண்டு. அங்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். பழைய பதிப்புக்குத் திரும்பப் பல மாடல்களில் வழியில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு பதிப்பு எண்ணைச் சரிபாருங்கள், அமைப்புகளை மீட்டெடுங்கள், அதே நாற்பது படங்களை மீண்டும் எடுங்கள். இரண்டு தொகுப்பையும் கணினியில் பெரிதாக்கி, கூர்மையாக விழுந்தவை எத்தனை என்று எண்ணுங்கள். குறை தெரிந்தால் மாடல், பழைய பதிப்பு, புதிய பதிப்பு, லென்ஸ், இந்த எண்ணிக்கை ஆகியவற்றோடு நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கு எழுதுங்கள். இரண்டு தொகுப்பிலிருந்தும் ஒவ்வொரு படத்தை இணைத்து அனுப்புங்கள்.