கண்ணாடி அலமாரி: முதலில் பொருளை அளங்கள், பிறகு பலகையை

அலமாரி எவ்வளவு ஆழம் என்பதை உள்ளே போகும் பொருள்தான் முடிவு செய்யும். சேகரிப்பிலேயே பருமனானதை அளந்து 40 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். சின்ன பொம்மை, சிப்பி, நாணயத் தட்டு போன்றவற்றுக்கு 200 மி.மீ. தாராளம். அதைத் தாண்டினால் பின்வரிசையில் இருப்பது கண்ணில் படாது.

900 உயரம், 600 அகலம், 200 ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 18 மி.மீ. ப்ளைவுட்டில் பக்கப் பலகை இரண்டு (900 × 200), மேலுக்கும் கீழுக்கும் இரண்டு (564 × 200). 600-இல் பக்கப் பலகைகளின் கனம் 36 போனதால் 564. முதுகுக்கு 6 மி.மீ. ப்ளைவுட், 896 × 596. ஒவ்வொரு வெட்டிலும் ரம்பம் ஏறக்குறைய 3 மி.மீ. தின்றுவிடும். அதற்கு இடம் விடாமல் கோடு போட்டால் கடைசிப் பலகை குட்டையாகும்.

தட்டு தாங்கும் முளைகளுக்கான துளைகளைப் பெட்டி பூட்டுவதற்கு முன்பே போடுங்கள். விட்டம் 5, ஆழம் 10, இடைவெளி 32 மி.மீ. இருக்கட்டும். டிரில் பிட்டில் 10 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றினால் பலகை மறுபுறம் ஓட்டையாகாது. ஒரு துண்டுப் பலகையில் துளை வரிசை போட்டு அதையே அச்சாக வைத்துக்கொள்ளலாம். அதன் அடிப்பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். ஒரே ஒரு முறை தலைகீழாகப் பிடித்தால் போதும், தட்டு நான்கு முளையிலும் உட்காராமல் ஆடும்.

பூட்டும்போது பசை தடவி, மூலைக்கு மூன்று ஸ்க்ரூ, 40 மி.மீ. நீளம். 3 மி.மீ. துளை போட்டுவிட்டே முடுக்குங்கள்; இல்லையென்றால் ப்ளைவுட்டின் ஓரம் பிளக்கும். பசை காய்வதற்குள் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் 1082-க்கு அருகே, ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தின் இரு முனையையும் கிளாம்பால் இறுக்கி, முதுகுப் பலகையை 150 மி.மீ.-க்கு ஒரு ஸ்க்ரூவாக அறைந்து நிறுத்துங்கள். இங்கே விட்ட 3 மி.மீ. பிழை கதவு மாட்டும்போது இரண்டு கதவுக்கும் நடு இடுக்கில் கோணலாக வந்து நிற்கும். அப்போது கதவை இழைத்து ஒரு பயனும் இல்லை.

கதவு இரண்டு, ஒவ்வொன்றும் 298 × 898, சட்டம் 45 மி.மீ. அகலம். சட்டத்தின் உள்விளிம்பில், கண்ணாடி உட்கார 10 மி.மீ. படி செதுக்கி எடுத்தால் கண்ணாடிக்கான இடம் 228 × 828. கண்ணாடியை 225 × 825 என்றே வெட்டச் சொல்லுங்கள். ஈரக் காலத்தில் மரம் உப்பும். இறுக்கமாக உட்கார்ந்த கண்ணாடி மூலையில் விரிசல் விடும். 4 மி.மீ. கனம் போதும். முதலில் வெறும் சட்டத்தைக் கீலில் மாட்டி, இடுக்கைச் சரிபார்த்து, அப்புறம்தான் கண்ணாடியும், அதைப் பிடிக்கும் மெல்லிய மரச்சட்டமான பீடிங்கும்.

உள்தட்டுக்கு 6 மி.மீ. கண்ணாடி, 561 × 185, ஓரம் தேய்த்தது. உலோகச் சிலை வைப்பதாக இருந்தால் 8 மி.மீ. கனம் வேண்டும். மேலே இரண்டு இரும்பு எல்-பட்டை போட்டு அலமாரியைச் சுவரோடு பிடியுங்கள்.

பாலிஷ் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். ஆவி போவதற்கு வாரக்கணக்கில் ஆகும். மரமும் பசையும் விடுகிற அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கினால் சிப்பியிலும் ஈயப் பொம்மையிலும் வெள்ளைப் பொடி பூக்கும். அரித்தது அரித்ததுதான், துடைத்தால் திரும்பாது. கதவை இரவு முழுக்க மூடிவைத்து, காலையில் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். நெடி இருந்தால் இன்னும் சில நாள் திறந்தே கிடக்கட்டும்.