பிடிஎஃப்பை வேர்டாக மாற்றியதும் வரிகள் உடைந்து வருகிறதா?

பத்தியின் ஒவ்வொரு வரியும் தனியாக முறிந்து நிற்கும். ஒவ்வொன்றாக பேக்ஸ்பேஸ் தட்ட வேண்டாம். வேர்டில் கண்ட்ரோல், எச் அழுத்தி, மோர், ஸ்பெஷல் என்று போனால் 'பாராகிராஃப் மார்க்' (வரியை முறித்து அடுத்த பத்தி தொடங்கவைக்கும் குறி) இருக்கும். உண்மையான பத்தி முடிவில் இது அடுத்தடுத்து இரண்டு இருந்தால், அதை இரண்டு முறை சேர்த்துத் தேடி, அடையாளத்துக்காக @@ என்று மாற்றுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் முழுக் கோப்பும் ஒரே பத்தியாகிவிடும், கவனம். அப்புறம் ஒற்றை மார்க்கை ஒரு ஸ்பேஸாக மாற்றி, கடைசியில் @@ உள்ள இடங்களில் பாராகிராஃப் மார்க்கைத் திரும்ப வையுங்கள்.

தமிழ் இதழ்களில் வரி முடிவில் சொல்லை அப்படியே பிரித்துவிடுவார்கள். அதனால் 'பத்தி ரிகை' மாதிரி நடுவில் இடைவெளி விழும். அதற்கு ஒருமுறை முழுதாகப் படித்துத் திருத்துவதுதான் நம்பகமான வழி.

தமிழே ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருக்கலாம். பழைய எழுத்துருவை இன்றைய பொதுத் தமிழ் எழுத்தாக்கும் யூனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள்.