ஒன்ராறியோவில் கட்சித் தலைவர் தேர்வில் வாக்களிப்பது எப்படி?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் கட்சியொன்று தன் தலைவரைத் தேர்ந்தெடுப்பது அரசு நடத்தும் தேர்தல் அன்று. வாக்காளர் பட்டியல், கால அட்டவணை, எண்ணும் முறை அனைத்தையும் கட்சியே வகுக்கிறது. இலெக்‌ஷன்ஸ் ஒன்ராறியோ என்னும் மாகாணத் தேர்தல் ஆணையம் போட்டியாளர்களைப் பதிவுசெய்து, அவர்களின் நன்கொடைக் கணக்குகளைக் கண்காணிக்கிறது. எனவே பொதுத் தேர்தல் பட்டியலில் பெயர் இருப்பது இங்கே உதவாது.

முதலில் உறுப்பினராக வேண்டும். வாக்களிப்புக்குச் சில வாரங்களுக்கு முன்பே சேர்க்கை முடிந்துவிடும்: 2018இல் முற்போக்குப் பழமைவாதக் கட்சி பெப்ரவரி 16இல் சேர்க்கையை முடித்து, மார்ச் 10இல் முடிவை அறிவித்தது. 14 வயதானவர்களும் அதில் வாக்களிக்கலாம். போட்டியாளருக்காக ஆள் சேர்ப்பவர் வீட்டுக்கு வந்து படிவத்தை நிரப்பித் தருவார், அதில் தவறில்லை. ஆனால் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் உங்களுடையவையாகவே இருக்கட்டும், ஏனெனில் வாக்களிப்பு தொடர்பான தகவல் பெரும்பாலும் அங்கேதான் வரும். அடையாளச் சரிபார்ப்பையும் கடைசி நாள் வரை தள்ளிப்போட வேண்டாம். 2018இல் இணையத்தில் வாக்களிக்கப் பதிவுசெய்வதற்கான குறியீடுகள் தபாலில் தாமதமாக வந்ததால் பலர் தவித்தனர்.

வாக்குச்சீட்டு விருப்பு வரிசை முறையிலானது: போட்டியாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்த வேண்டும். முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவருக்கு விழுந்த சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்கு மாற்றப்படும். ஒருவருக்கு மட்டும் 1 என்று குறித்தவரின் சீட்டு, அவர் விருப்பம் நீக்கப்பட்டதும் செயலிழந்துவிடும். ஒருவரை மட்டும் குறிப்பது அந்தப் போட்டியாளரைப் பலப்படுத்தும் என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. பிடிக்காதவர்களுக்குள்ளும் யார் பரவாயில்லை என்பதை யோசித்து வரிசைப்படுத்துவதே விவேகம்.

பலருக்கும் புரியாமல் போவது புள்ளிக் கணக்கு. முற்போக்குப் பழமைவாதக் கட்சியில் ஒவ்வொரு தொகுதிக்கும் 100 புள்ளிகள் வரை உண்டு. வேட்பாளர் பெறும் வாக்கு விகிதப்படி அவை பிரிக்கப்படும். 200 பேர் வாக்களித்த தொகுதியில் 120 வாக்குகள் 60 புள்ளிகளைத் தரும். 2,000 பேர் வாக்களித்த தொகுதியில் அதே 60 புள்ளிகளுக்கு 1,200 வாக்குகள் தேவை. ஆகவே உறுப்பினர் குறைந்த தொகுதியில் இருப்பவரின் ஒரு வாக்குக்குப் பல மடங்கு எடை உண்டு. 2018இன் இறுதிச் சுற்றில் கிறிஸ்டின் எலியட் மொத்த வாக்குகளில் முன்னிலை பெற்றும், புள்ளிகளில் வென்று தலைவரானவர் டக் ஃபோர்ட். இதே வகைத் தொகுதிப் புள்ளி முறைக்கு லிபரல் கட்சி 2023இல்தான் மாறியது. 2020 வரை உறுப்பினர்கள் தெரிவுசெய்து அனுப்பிய பேராளர்களே மாநாட்டில் கூடித் தேர்ந்தெடுத்தனர்.

சில வேளைகளில் வாக்களிப்பே நடக்காது. புதிய ஜனநாயகக் கட்சியில் வேறு போட்டியாளர் இல்லாததால், 2023இல் மாரிட் ஸ்டைல்ஸ் போட்டியின்றித் தலைவரானார்.

ஆளும் கட்சியென்றால் இந்த வாக்கு முதல்வரையே தீர்மானிக்கும். 2013இல் லிபரல் கட்சியின் கத்லீன் வின் இவ்வாறுதான், பொதுத் தேர்தல் எதுவும் இல்லாமல், முதல்வரானார். தலைவர் தெரிவான பிறகும் உறுப்பினர் உரிமையைக் காலாவதியாக விடாதீர்கள். கட்சி மாநாட்டில், தலைவர் தொடர வேண்டுமா என்று முடிவுசெய்யும் தலைமை மீளாய்வு வாக்கெடுப்பு வரலாம்: 2025 செப்டம்பரில் 57 சதவீத ஆதரவே கிடைத்ததை அடுத்து, லிபரல் தலைவர் பொனி குரொம்பி பதவி விலகுவதாக அறிவித்தார்.