விறகடுப்புக்கு எந்த விறகு? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கான செய்முறை

புதிதாக விறகடுப்பு வைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த மரம் நல்லா எரியும்?" என்பதுதான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது விறகு காய்ந்திருக்கிறதா என்பதை. நன்றாகக் காய்ந்த மா விறகு, ஈரமான புளிய விறகைவிட அதிகச் சூடு கொடுக்கும். அதனால் இந்த விளக்கத்தில் ஈரத்தை முதலிலும் மரத்தை அடுத்ததாகவும் வைத்திருக்கிறோம்.

படி 1: ஈரம் பார்ப்பது

மா, வேம்பு போன்ற மரங்களைப் பச்சையாக வெட்டினால் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். சீமைக்கருவேலம் கனமான, இறுகிய மரம் என்பதால் அதில் தண்ணீரின் பங்கு குறைவு. எந்த மரமானாலும் எரிக்கும்போது ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும் வரை அந்த விறகு தன் சூட்டைத் தனக்கே செலவழிக்கிறது. தீ சூடேறாமல் இருப்பதால் விறகிலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாக வெளியே போகிறது. கண் எரிச்சலும் சட்டியடியில் பிசின் மாதிரி ஒட்டும் கரியும் அதனால்தான்.

கையால் பார்க்க மூன்று வழிகள் போதும். வெட்டிய முனையைப் பாருங்கள்: காய்ந்த விறகில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும். பட்டையை நகத்தால் நெம்புங்கள்: காய்ந்ததில் கழன்று வரும், பச்சையில் ஒட்டிக்கொண்டு கீழே வழுவழுப்பாக இருக்கும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள்: காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈரமானது 'தொப்' என்று மந்தமாகக் கேட்கும்.

சந்தேகம் இருந்தால் தராசு வையுங்கள். பச்சையாகப் பிளந்த ஒரு துண்டை எடை போட்டு அதன் மேலேயே சாக்குக்கட்டியால் எழுதி, விறகு அட்டியின் (அடுக்கின்) நடுவில் சொருகி வையுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு வாரம் எடை மாறாவிட்டால், காற்றில் காயும் அளவுக்குக் காய்ந்துவிட்டது. பாதி தண்ணீராக இருந்த ஒரு கிலோத் துண்டு 600 கிராமுக்கு அருகில் வந்து நிற்கும்.

விறகு தொட்டியில் எடைக்கு வாங்குபவர்களுக்கு இது நேரடியாகப் பணக் கணக்கு. பாதி தண்ணீராக இருக்கும் ஒரு டன் பச்சை விறகில் கட்டை 500 கிலோ, தண்ணீர் 500 கிலோ. 20 சதவீத ஈரத்தில் காய்ந்த ஒரு டன்னில் கட்டை 800 கிலோ. காய்ந்தது கிலோ 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பச்சை விறகு 5 ரூபாய்க்குத்தான் சமம். காயவைக்கும் இடமும் மாதங்களும் உங்களுடையவை என்பதால் அதற்கும் கீழேதான் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் திறந்தவெளியில் கிடந்த விறகை எடைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

படி 2: மரத்தைத் தேர்ந்தெடுப்பது

தினச் சமையலுக்கு எங்கள் முதல் தேர்வு சீமைக்கருவேலம், அதாவது வேலிக்காத்தான். ஏரிக்கரை, தரிசு என்று எங்கும் கிடைக்கிறது. கனமான கட்டை, சீரான சூடு, நீண்ட நேரம் நிற்கும் கங்கு. ஓரளவு ஈரம் இருந்தாலும் எரிந்துவிடும். முள்தான் தொல்லை. குத்தினால் வீங்கி நாள்கணக்கில் வலிக்கும், சைக்கிள் டயரையும் விடாது. கொடுவாளால் சிம்பு கழித்து, முள்ளை அங்கேயே ஓரமாகக் குவித்துவிட்டு, கட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நாட்டுக் கருவேலமும் வெள்வேலமும் இதே தரம்.

புளி இன்னும் கனம், கங்கு இன்னும் நீளம். அண்டாவில் சோறு, கறிக்குழம்பு, விசேஷச் சமையல் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் அதன் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும். காய்ந்த பிறகு கோடாரி இறங்காது. வெட்டிய வாரத்திலேயே ஆப்பு வைத்துப் பிளந்துவிட வேண்டும். சாலையோரப் புளிய மரங்கள் அரசுடையவை, விழுந்த கிளையானாலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் அதிகம் வருவது மா. பழைய தோப்பைக் கழிக்கும்போது லோடு லோடாகக் கிடைக்கும். நடுத்தர விறகு, சீக்கிரம் பற்றும், கங்கு சீக்கிரம் சாம்பலாகும். மாமரத்தின் பால் தோலை அரிக்கும் தன்மை கொண்டது, அதனால் பச்சை மா விறகின் புகை கண்ணையும் தொண்டையையும் கடுமையாக உறுத்தும். மூன்று மாதமாவது காயாத மா விறகை வீட்டுக்குள் எரிக்க வேண்டாம். வேம்பு நன்றாக எரியும், ஆனால் புகைக்குக் கசப்பு நெடி உண்டு. மூடாத பாத்திரத்துக்கு அடியில் வைக்காமல் வெந்நீர் அடுப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். சவுக்கு கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், பிளக்கவும் எரிக்கவும் அவ்வளவு சுலபம். தைலமரம் எண்ணெய்ப் பசையால் வேகமாகப் பற்றி எரியும், பொறி பறக்கும். கூரைக் கொட்டகையில் வேண்டாம்.

முருங்கை, இலவம் போன்ற மெத்துக் கட்டைகளைச் சுமந்து வருவதே வீண். கைநிறைய வைத்தாலும் காகிதம் மாதிரி எரிந்து போகும்.

பற்றவைக்க இந்த இரண்டு மாவட்டத்திலும் அருமையான குச்சிகள் இருக்கின்றன. துவரை அறுத்த பின் நிற்கும் மிளார், பட்டுப்புழுவுக்கு இலை போட்ட பின் மிஞ்சும் மல்பெரிக் குச்சி, தென்னை ஓலை, பன்னாடை. மல்பெரிக் குச்சி புழு மனையிலிருந்து வரும்போது ஈரமாக இருக்கும், ஒரு வாரம் வெயிலில் பரப்புங்கள். கொட்டாங்குச்சி சிறிய துண்டானாலும் பெரிய சூடு. ஈரக்காலத்தில் தீயை எழுப்ப இரண்டு மூன்று ஓடு தனியாக எடுத்து வையுங்கள்.

படி 3: அடுப்பில் வைக்கவே கூடாதவை

அரளி. இலை, பட்டை, கட்டை எல்லாமே நஞ்சு; புகையும் ஆகாது, குச்சியைக் கிண்டவோ சுடுவதற்குக் குத்தவோ பயன்படுத்துவதும் ஆகாது. கள்ளியும் எருக்கும் பால் வடிப்பவை, அவற்றையும் தள்ளுங்கள். பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல், பிளைவுட், லேமினேட் பலகை ஆகியவற்றில் இருக்கும் பசையும் வண்ணமும் எரிந்து வரும் புகை நேராக நுரையீரலுக்கும் சோற்றுக்கும் போகும்.

ஓசூர் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பேக்கிங் கட்டைகளில் கவனம் தேவை. ஏற்றுமதி, இறக்குமதிக் கட்டைகளில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் 'ஹெச்.டி.' (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது; எண்ணெய் சிந்தாமலும் பெயின்ட் இல்லாமலும் இருந்தால் பற்றவைக்கப் பயன்படும். 'எம்.பி.' (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி வாயு ஏற்றியது, எரிக்கக்கூடாது. முத்திரை இல்லாத, எங்கிருந்து வந்தது என்று தெரியாத கட்டையையும் ஒதுக்கிவிடுங்கள்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் காப்புக்காட்டில் விறகு பொறுக்கப் போவது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, அது யானை நடமாடும் காடு. சந்தன மரம் உங்கள் பட்டா நிலத்திலேயே நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது.

படி 4: பிளந்து அடுக்குவது

தை, மாசியில் வெட்டுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசி வெயில் முழுக்க விறகுக்குக் கிடைக்கும். நம் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். அதனால் ஆடிக்குள் கூரைக்கு அடியில் போய்விட வேண்டும்.

மண் அடுப்புக்கு ஒன்றரை அடி நீளம், மணிக்கட்டுப் பருமன். வெந்நீர் அடுப்புக்கு அதைவிட இருமடங்கு பருமன் வைக்கலாம். உருண்டைக் கட்டையாக விடாதீர்கள். பட்டை தண்ணீரை வெளியே விடாது. பிளந்த பக்கம்தான் காயும். மணிக்கட்டுப் பருமனில் பிளந்த வேலா (கருவேல விறகு) கோடையில் இரண்டு மூன்று மாதத்தில் தயார், மாவுக்கு மூன்று மாதமாவது வேண்டும். தடித்த புளிக்கு ஆறு மாதம் கொடுங்கள்.

அடியில் கல் வைத்து அரை அடி உயர்த்தி அடுக்குங்கள், தரையில் கிடந்தால் கரையான் ஏறும். ஒரு வரிசை நீளவாட்டில், அடுத்த வரிசை குறுக்கே. மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போடுங்கள். நாலு பக்கமும் மூடிக் கட்டினால் ஆவி உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். நிறையப் பேர் செய்யும் தவறு இது. சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். விறகு அட்டி தேளுக்கும் கட்டுவிரியனுக்கும் பிடித்த இடம். கையை உள்ளே விடாமல், கம்பால் தட்டி, மேலிருந்து வரிசையாக எடுங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் போகவே வேண்டாம்.

படி 5: வேலைக்கு ஏற்ற தீ

களி கிண்டுவதை எடுத்துக்கொள்வோம், ஒரே சமையலில் இரண்டு விதத் தீ வேண்டும். நாலு பேருக்கு ராகி மாவு அரை கிலோ, நொய் 100 கிராம், தண்ணீர் ஒன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. மண் அடுப்பு, விறகின் சூட்டில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைத்தான் பாத்திரத்துக்குக் கொடுக்கும். அப்படியும் காய்ந்த வேலா விறகு முக்கால் கிலோ இதற்குப் போதும்.

இரண்டு விறகை இரண்டு விரல் இடைவெளியில் வைத்து, நடுவில் மிளார் ஒரு பிடி, அதன் மேல் ஓலை வைத்துப் பற்றவையுங்கள். தனி விறகு ஒன்று அணைந்துவிடும். எதிரெதிரே இருக்கும் இரண்டு முகங்கள் ஒன்றையொன்று சூடாக்கினால்தான் தீ நிற்கும். அடுப்பு வாயில் பாதிக்கு மேல் திணிக்காதீர்கள், மீதிப் பாதி காற்றுக்கு. கொதி வந்து நொய் வெந்ததும் மாவைக் குவித்துப் போட்டு, துடுப்புக் காம்பால் நடுவில் குழி விட்டு மூடுங்கள். இப்போது விறகை வெளியே இழுத்து, கங்கை மட்டும் சட்டிக்கு அடியில் தள்ளுங்கள். பத்து நிமிடம் கங்குச் சூட்டில் வெந்தால் மாவு வாடை போய்விடும். ஓலையும் மிளாரும் மட்டும் வைத்து எரித்தால் இந்த இடத்தில் கங்கே இருக்காது. திரும்பத் தீ மூட்ட வேண்டிவரும், அடி பிடிக்கும், மேல்மாவு வேகாது.

தோசைக்கல்லுக்கு மெல்லிய சவுக்கு, மாக் குச்சிகள் சரி. இழுத்தும் தள்ளியும் சூட்டை உடனே மாற்றலாம். பருப்பு, கொள்ளு, கறி வேக வேலாவோ புளியோ இரண்டு கட்டை போதும்.

படி 6: தீ சரியில்லை என்றால்

விறகு முனையில் நுரை கட்டிச் சீறுகிறதா? உள்ளே தண்ணீர். அதை வெளியே எடுத்து அடுப்போரம் சாய்த்து வையுங்கள், நாளைக்கு ஆகும். விறகு காய்ந்தும் புகைகிறதா? காற்றுப் பற்றவில்லை, சாம்பலை வாரி, ஒரு கட்டையைக் குறையுங்கள். தீ பெரிதாக எரிந்தும் தண்ணீர் கொதிக்க நேரமாகிறதா? சட்டிக்கும் அடுப்புக் குமிழுக்கும் இடைவெளி அதிகம். தீ பக்கவாட்டில் ஓடுகிறது. புகைகிறது என்பதற்காக மண்ணெண்ணெயைக் கங்கின் மேல் ஊற்றினால் குப்பென்று முகத்துக்கு வரும், பாலித்தீன் போட்டால் நச்சுப் புகை.

சமையல் முடிந்ததும் மிஞ்சிய கங்கைத் தகர டப்பாவில் போட்டு இறுக மூடினால் அணைந்து கரியாகும், அடுத்த நாள் பற்றவைக்க உதவும். மார்கழிக் குளிரில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கங்குச் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். புகையில்லாத கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, எரிச்சலும் கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.