பனியாற்றை நகர்த்தும் நீர்: ஒரு டப்பா மூடியை வைத்துச் செய்து பார்க்கலாம்

2006 ஜூலையில், மேற்கு கிரீன்லாந்தின் பனிப்பரப்பின் மேல் தேங்கி நின்ற ஓர் ஏரி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் வடிந்து தீர்ந்தது. 5.6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி அது. கீழே இருந்த 980 மீட்டர் பனி பிளந்து வழிவிட, நீர் நேராக அடிப்பாறைக்கு இறங்கியது. சராசரியாக நொடிக்கு 8,700 கன மீட்டர். நயாகரா அருவியில் விழுவதைவிட அதிகம். அருகில் பதித்திருந்த ஜி.பி.எஸ். கருவி, பனி 1.2 மீட்டர் மேலெழுந்ததையும் வழக்கத்தைவிட வேகமாக நகர்ந்ததையும் பதிவு செய்தது. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பனியை நீர் தூக்கிவிட்டது.

இதைப் படிப்பவர்களுக்கு உடனே தோன்றும் விளக்கம், கீலுக்கு எண்ணெய் விட்டதுபோல நீர் பனியை வழுக்கச் செய்கிறது என்பது. அந்த விளக்கம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. எண்ணெய் எதையும் தூக்குவதில்லை. பனியாற்றை, அதாவது தன் எடையாலேயே மெல்ல நகரும் பெரும் பனித்திரளை, புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அடியில் உள்ள நீர் எவ்வளவு அழுத்தத்தில் அடைபட்டு நிற்கிறது என்பதைத்தான். அதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

படி 1: பொருட்களைச் சேர்த்தல்

உட்புற விட்டம் சுமார் 12 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் டப்பா மூடி ஒன்று வேண்டும். விளிம்பு சீராக, எல்லாப் பக்கமும் தரையில் படிவதாக இருக்க வேண்டும். கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து, ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் வேறு மூடி தேடுங்கள், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அதோடு மீன் தொட்டிக்குப் பயன்படும் மெல்லிய காற்றுக் குழாய் ஒரு மீட்டர், சிறிய புனல், அரைக் கிலோ உப்புப் பொட்டலம் இரண்டு, வழவழப்பான பலகை அல்லது தடித்த கண்ணாடி, கொஞ்சம் எம்சீல், அளவுகோல், களிமண். தண்ணீர் சிந்தும் என்பதால் குளியலறையிலோ மொட்டை மாடியிலோ செய்வது நல்லது.

படி 2: மூடியைத் தயார் செய்தல்

மூடியின் நடுவில் குழாய் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, குழாயைச் செருகி, சுற்றிலும் எம்சீல் வைத்து அடையுங்கள். ஒரு நாள் காய விடுங்கள். குழாயின் மறுமுனையில் புனல். பலகையின் ஒரு பக்கத்துக்கு அடியில் புத்தகம் வைத்து உயர்த்துங்கள், 60 செ.மீ. நீளப் பலகைக்கு 4 செ.மீ. உயரம் போதும். பலகையை நனைத்து, மூடியைக் கவிழ்த்து வைத்து, குழாயின் இரு பக்கமும் உப்புப் பொட்டலங்களை வையுங்கள்.

மூடி நகராது. பலகை ஈரமாக இருந்தும், சரிந்திருந்தும் நகராது. இதை ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள். ஈரம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைக்காது.

படி 3: ஒரு சிறிய கணக்கு

தண்ணீர் ஊற்றும் முன் தாளில் கணக்குப் போடுங்கள். விட்டம் 12 செ.மீ. என்றால் ஆரம் 6, பரப்பு 3.14 × 6 × 6, அதாவது சுமார் 113 சதுர செ.மீ. மேலே உள்ள எடை 1,000 கிராம். 1,000 ÷ 113 = 8.8. ஒரு கன செ.மீ. நீரின் எடை ஒரு கிராம் என்பதால், மூடிக்கு மேல் 8.8 செ.மீ. உயரத்தில் நீர்மட்டம் நின்றால், அந்த அழுத்தம் உப்பின் முழு எடையையும் தாங்கிவிடும். உங்கள் மூடியின் விட்டம் வேறாக இருந்தால் விடையும் மாறும்.

இதே கணக்கைப் பனியாற்றுக்குப் போடுவோம். பனியின் அடர்த்தி நீரைப்போல 0.917 மடங்கு. ஆகவே 1,000 மீட்டர் தடிமனுள்ள பனியைத் தாங்க, அடியோடு இணைந்த நீர் 917 மீட்டர் உயரத்துக்கு நிற்க வேண்டும். கிரீன்லாந்தில் கோடையில் உருகும் நீர், பனியில் உள்ள செங்குத்தான துளைகள் வழியாக அடிக்குப் போகிறது. அப்படிப்பட்ட துளைக்குள், மேற்பரப்புக்கு 83 மீட்டர் கீழே உள்ள மட்டம்வரை நீர் ஏறி நின்றால் போதும், அந்த இடத்தில் பனி பாறையின் மேல் சுமத்தும் பாரம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. பனியின் எடையிலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதே பாறைக்கும் பனிக்கும் இடையிலான பிடி. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த கணக்கு இது.

படி 4: புனலை உயர்த்துதல்

ஒருவர் புனலில் தொடர்ந்து நீர் ஊற்ற, இன்னொருவர் புனலை மெல்ல உயர்த்தட்டும். குழாய் மூடியை இழுக்காதபடி தொய்வாக இருக்க வேண்டும். முதலில் உள்ளிருக்கும் காற்று குமிழிகளாக வெளியேறும். அது நிற்கும்வரை பொறுங்கள். பிறகு நீர்மட்டம் 5, 6, 7 செ.மீ. என்று ஏறும்போது, ஒரு கட்டத்தில் மூடி தானாகச் சரியத் தொடங்கும்.

பெரும்பாலும் 8.8 செ.மீ.யை எட்டும் முன்பே அது நடக்கும். கணக்குத் தவறவில்லை. முழுதாக மிதந்த பிறகுதான் சரிய வேண்டும் என்பதில்லை. பிடி தளர்ந்து சரிவின் இழுப்பைவிடக் குறைந்தாலே போதும். பனியாறுகளிலும் இப்படித்தான். 1980களில் சுவிட்சர்லாந்தின் ஃபிண்டலன் பனியாற்றில் ஆய்வாளர்கள் அல்முட் இக்கனும் ராபர்ட் பின்ட்ஷாட்லரும் பனியைத் துளைத்து நீர்மட்டத்தையும், கூடவே பனியின் வேகத்தையும் அளந்தார்கள். நீர்மட்டம் பனியின் எடைக்கு ஈடாகும் அளவை நெருங்க நெருங்க, வேகம் ஒரே சீராக அல்லாமல் செங்குத்தாக ஏறியது.

படி 5: விளிம்பில் ஒரு வாய் வெட்டுதல்

இந்தப் படியைத் தவிர்த்துவிடாதீர்கள். மூடியின் விளிம்பில் ஒரு செ.மீ. அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, முன்பு செய்ததையே மீண்டும் செய்யுங்கள். அதே நீர், அதே உயரம். நீர் வெட்டு வழியாக ஓடிப்போகும், மூடி அசையாது. அடியில் நீர் முன்பைவிட அதிகமாகவே ஓடுகிறது, ஆனால் அழுத்தம் சேர வழியில்லை.

பனியாறு இந்த வாயைத் தானே வெட்டிக்கொள்கிறது. கோடையின் தொடக்கத்தில் பனிக்கும் பாறைக்கும் இடையே குறுகலான இடைவெளிகள் மட்டுமே இருக்கும். திடீரென்று வந்து சேரும் உருகுநீர் அவற்றில் அடைபட்டு, அழுத்தம் கூடி, பனி வேகமெடுக்கும். ஓடும் நீரின் உராய்வு வெப்பம் சுற்றியுள்ள பனியை உருக்க, வாரக்கணக்கில் பெரிய சுரங்க வழிகள் உருவாகின்றன. பிறகு எவ்வளவு நீர் வந்தாலும் சீராக வடிந்துவிடும். கோடையின் பிற்பகுதியில் பனியின் வேகம் குறைந்துவிடும். 2006இல் வடிந்த அந்த ஏரிக்குக் கீழேயும், நீர் பரவி வழி கண்டதும், ஒரு நாளுக்குள் பனி மீண்டும் தணிந்தது. குளிர்காலத்தில் நீர்வரத்து நின்றவுடன், மேலிருக்கும் பனியின் எடை அந்தச் சுரங்கங்களை நெருக்கி மூடிவிடுகிறது. இதையும் காட்டலாம்: வெட்டிய இடத்தைக் களிமண்ணால் அடைத்துவிட்டு மறுபடி நீர் ஊற்றுங்கள்.

படி 6: உண்மையான பனியாற்றைப் பார்த்தல்

நாசாவின் இட்ஸ் லைவ் (ITS_LIVE) தளத்தில், வெவ்வேறு நாட்களில் எடுத்த இரண்டு செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுக் கணக்கிட்ட பனியாற்று வேகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வரைபடத்தில் மேற்கு கிரீன்லாந்தின் கங்கர்லுசுவாக் ஊரைத் தேடி, அதற்குக் கிழக்கே உள்ள ரஸல் பனியாற்றைத் தேர்ந்தெடுங்கள். கடலைத் தொடாமல் நிலத்திலேயே முடியும் பனியாறு என்பதால் நீரின் விளைவு மற்றவற்றோடு கலக்காமல் தெரியும். இரண்டு படங்களுக்கு இடையே சில நாள் மட்டும் இடைவெளி என்றால் பிழை மிகும். ஓராண்டு என்றால் கோடையின் வேகம் சராசரியில் மறைந்துபோகும். ஒன்று அல்லது இரண்டு மாத இடைவெளியுள்ள புள்ளிகளைப் பாருங்கள். கோடைத் தொடக்கத்தின் ஏற்றத்தையும் அதற்குப் பிந்தைய இறக்கத்தையும் தேடுங்கள்.

இதே வட்டாரத்தில் நிலத்தில் முடியும் பனிப்பகுதி, 1985–94 காலத்தைவிட 2007–14 காலத்தில் 12 விழுக்காடு மெதுவாக நகர்ந்ததாக 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த இடைவெளியில் மேற்பரப்பில் உருகும் நீரோ ஏறத்தாழ 50 விழுக்காடு கூடியிருந்தது. படி 5ஐச் செய்து பார்த்தவருக்கு இது முரணாகத் தோன்றாது.

ஆனால் இதை வைத்துக் கிரீன்லாந்துக்கு ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். மெதுவாக நகரும் பனியும் நின்ற இடத்திலேயே உருகி வீணாகிறது. மேலும் யாகோப்ஷாவன் போலக் கடலில் முடியும் பனியாறுகளில் வெதுவெதுப்பான கடல்நீர் முனையை உருக்குவதும் பனிப்பாறைகள் உடைந்து விழுவதும் வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அவற்றுக்கு இந்த டப்பா மூடி போதாது. தாங்கிப் பிடிக்கும் முனையை எடுத்துவிட்டால் பின்னால் உள்ள பனி என்னாகும் என்பதற்குத் தனியாக ஒரு செய்முறை வேண்டும்.