பர்பாஸ்த்ரோ மறைசாட்சிகளுக்கு நினைவு வழிபாடு நடத்துவது எப்படி

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்ட ஆயர்கள், குருக்கள், துறவியர் 6,800 பேருக்கும் மேல். அத்தனை பேரையும் ஒரே மாலையில் நினைவுகூர முயன்றால், மனத்தில் தங்குவது எண்ணிக்கை மட்டுமே. ஆகவே ஒரு குழுவினரை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். அரகோன் பகுதியின் பர்பாஸ்த்ரோ நகரில் 1936 ஆகஸ்டில் உயிர்நீத்த 51 கிளரீசியன் சபைத் துறவியரையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அவர்கள் தம் இறுதி நாள்களைத் தம் கையாலேயே எழுதி வைத்துச் சென்றார்கள்.

இவர்களின் நினைவு நாள் ஆகஸ்ட் 13. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் இவர்களை, புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். அழைப்பிதழில் 'புனிதர்' என்று அச்சிட்டுவிடாதீர்கள். அருளாளர்களுக்குரிய திருவழிபாடு குறிப்பிட்ட மறைமாவட்டங்களுக்கும் சபைகளுக்கும் உரியது என்பதால், பங்கு ஆலயத்தில் இதைத் திருப்பலிக்கு வெளியே செபக்கூட்டமாக நடத்துவதே முறை.

தொடக்க உரை சுருக்கமாக இருக்கட்டும். 1936 ஜூலையில் குடியரசுக்கு எதிராகப் படைத்தளபதிகள் கிளர்ந்தெழுந்ததையும், ஜூலை 20 அன்று குடியரசுத் தரப்பு ஆயுதக் குழுவினர் குருமடத்துள் நுழைந்து துறவியரைக் கைதுசெய்ததையும் சொன்னால் போதும். பாஸ்க் பகுதியில், கிளர்ந்தெழுந்த தரப்பின் தலைவரான ஃபிராங்கோவின் படையினரும் குருக்களைச் சுட்டுக் கொன்றார்கள் என்ற உண்மையையும் தவறாமல் சேர்த்துச் சொல்லுங்கள். மறைசாட்சிகளின் நினைவை ஓர் அரசியல் அணியின் கொடியாக்குவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

மாலையின் பெரும்பகுதியை அவர்களின் சிறைவாழ்வுக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த குருமாணவர்கள். ஆகஸ்ட் மாதக் கொடும் வெயிலில் ஒரு பள்ளி மண்டபத்தில் அடைபட்டிருந்த அவர்களுக்கு, காலை உணவுக் கூடையில் மறைத்து நற்கருணை கொண்டுவரப்பட்டது. எழுதத் தாள் இல்லாததால் சுவரிலும் பியானோ இருக்கையின் அடிப்பலகையிலும் எழுதினார்கள். ஆகஸ்ட் 12 அன்று, மண்டபத்தில் எஞ்சியிருந்த நாற்பது பேரும் ஒரு சாக்லேட் உறையில் தம் சபைக்கு இறுதிக் காணிக்கை எழுதி, ஒவ்வொருவராகக் கையொப்பமிட்டார்கள். வெளிநாட்டவர் என்பதால் விடுவிக்கப்பட்ட இரு அர்ஜென்டினா மாணவர்கள் வழியாகவே இவை உலகுக்குத் தெரியவந்தன. ஒரு வெறும் சாக்லேட் உறையைப் பீடத்தின் முன் வைத்துப் பாருங்கள்: அதில் எவ்வளவு குறைவாகவே எழுத முடியும் என்பது இளைஞர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

மன்றாட்டுகளில் அவர்களைச் சுட்டவர்களுக்காகவும் செபியுங்கள், ஏனெனில் மன்னிப்பையே இம்மறைசாட்சிகள் எழுதி வைத்தார்கள். அதே ஊரில் ஒரு குருவுக்காகப் பரிந்து பேசியதால் கைதாகி, செபமாலையைக் கைவிட மறுத்துக் கொல்லப்பட்ட ரோமா இனத்தவரான அருளாளர் செஃபெரினோ ஹிமேனெஸ் மல்லாவையும் இங்கு நினைவுகூரலாம்.

நிறைவாக 51 பெயர்களையும் வாசியுங்கள். Jaime, Juan போன்ற பெயர்களை ஸ்பானிய மொழியில் 'ஹைமே', 'ஹுவான்' என்றே ஒலிக்க வேண்டுமாதலால், வாசிப்பவர் முன்னதாகவே பயிற்சி செய்துகொள்ளட்டும். கொல்லப்பட்ட நாள் வரிசையில், ஆகஸ்ட் 2 அன்று மூவர், 12 அன்று அறுவர், 13 அன்று இருபதுபேர், 15 அன்று இருபதுபேர் என வாசித்து, ஒவ்வொரு நாளின் முடிவிலும் ஒரு மெழுகுவர்த்தியை அணையுங்கள். ஐந்தாவது மெழுகுவர்த்தி, நோயுற்று மருத்துவமனையில் இருந்து 18 அன்று கொல்லப்பட்ட இருவருக்கானது.