லிட்டர் பாட்டிலை அளந்து ஊற்றாதீர்கள், நிறுத்து ஊற்றுங்கள்

சொந்தப் பேரில் செக்கு எண்ணெய் போடுகிறவர்கள் அளவு ஜாடியை ஓரம் வைத்துவிட்டு, 1 கிராம் துல்லியமுள்ள தராசில் பாட்டிலை வைத்து நிரப்புங்கள். காலி பாட்டிலை வைத்ததும் தராசைப் பூஜ்ஜியமாக்கி, கடலை எண்ணெய் என்றால் 915 கிராம், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் என்றால் 920 கிராம் ஊற்றினால் 30 டிகிரியில் ஒரு லிட்டருக்குக் குறையாது.

காரணம் வெயில்தான். 20 டிகிரி சூடு ஏறினால் எண்ணெய் லிட்டருக்கு ஏறத்தாழ 14 மில்லி விரியும். சித்திரை வெயிலில் காங்கேயத்துத் தகரக் கொட்டகைக்குள் சரியாக அளந்த பாட்டில், மார்கழியில் கழுத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். வாங்கினவர் சும்மா இருப்பாரா? எடை மாறாது. ஜாடியில் ஒட்டி வீணாவதும் மிச்சம். லேபிளில் லிட்டரோடு கிராமையும் அச்சடித்துவிடுங்கள். தராசுக்கு எடையளவுத் துறை முத்திரை கட்டாயம்.

செக்கிலிருந்து இறக்கிய அன்றே நிரப்பினால் இது உதவாது. கசடும் சேர்ந்தே எடை காட்டும், இரண்டு மூன்று நாள் தெளியவிட்டு மேலெண்ணெயை மட்டும் எடுங்கள். தேங்காயெண்ணெய் உறைந்திருந்தால் வெந்நீர்த் தொட்டியில் வைத்து முழுதாக உருக்கிய பிறகே நிறுக்கலாம். 50 மில்லி, 100 மில்லி குப்பிகளுக்கு இந்த மெனக்கெடல் கட்டுப்படியாகாது.